பத்தாவது பேட்ஜ்

தொடங்கு என்று அமுக்கியதுமே நாற்பது நிமிடம் குறைய ஆரம்பித்துவிட்டது. முப்பத்தொன்பது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. நான் இன்னும் கண்ணாடியைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை. கொஞ்சம் பொறு என்று போனிடம் சொல்கிறேன், அது யார் பேச்சைக் கேட்கும். இருபது கேள்வி, பதினாறு சரியாக இருந்தால் பாஸ். மணி நாலு மூன்று. ஐந்து மணியோடு இந்தப் பாடத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுகிறார்களாம், பாதியில் நிற்கிறவர்கள் வாங்கியதெல்லாம் அழிந்துவிடுமாம். அப்படியென்றால் என் வீட்டுக்காரர் வாங்கிய ஒன்பது பேட்ஜும் போய்விடும். பத்தாவதை நான் வாங்கினால்தான் அந்த ஒன்பதும் நிற்கும். அரை மணிக்கு முன்னால்தான் கனி ஓசூரிலிருந்து பேசினாள். பெற்ற மகள், என் குணம் தெரிந்தவள். "யம்மா, நீ எழுதித்தான் ஆகணுமா? அப்பா பேர்ல பேட்ஜ் வந்து இனிமே யாரு குத்திக்கிடப் போறா?" "நான் குத்திக்கிடுதேன், ஒனக்கென்ன." "கோவப்படாத. பெயிலாயிட்டா ஒக்காந்து அழுதுக்கிட்டு இருப்பியேன்னுதான் சொல்லுதேன்." பாஸானாலும் அழத்தான் போகிறேன், அது அவளுக்குத் தெரியாது. திரையின் உச்சியில் வணக்கம் ஆவுடையப்பன் என்று இருக்கிறது. ஏழு மாதமாக இல்லாத மனுஷனுக்கு வணக்கம். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம், இந்தத் தேர்வை நானே எழுதுகிறேன் என்று உறுதிமொழி. ஒன்பது தடவையும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டது என் விரல், பதில் சொன்னது அவர் வாய். நானே என்பதில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். இன்று ஒருத்திதான், ஆனால் பெயர் அவருடையது. பொய் என்னவோ அதே அளவுதான்.

முதல் கேள்வி, நெற்றியில் வெள்ளையாகத் தீட்டிய கறுப்புப் பறவை எது. நாமக்கோழி. இதைக்கூடத் தெரியாமல் ஒருத்தி மூன்று மாதமாக அவர் நோட்டை வைத்துக்கொண்டு படிப்பாளா. இரண்டு, கரண்டிவாயன். மூன்று, நத்தையை உடைத்துத் தின்கிற நாரை, அலகு நடுவில் இடைவெளி விட்டு மூடுகிறதே, அது. அமுக்கு, அமுக்கு. இந்தக் குளத்துப் பறவைகள் பாடத்தை யார் நடத்துகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள், எதுவும் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் இவர் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்றது. காசில்லை, தமிழில், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு பேட்ஜ். பேட்ஜ் என்று பார்த்ததும் மனுஷனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் கண்டக்டர், அதில் பதினொரு வருஷம் கூந்தன்குளம் போகிற வண்டி. குளத்தங்கரையில் வண்டி திரும்பும்போது மேலே கருவேல மரம் முழுக்க நாரை உட்கார்ந்திருக்குமாம், இவர் படியில் தொங்கிக்கொண்டு பார்ப்பாராம். இறங்கிப் பார்க்க நேரமில்லை. ஒரு நிமிஷம் நின்றால் அடுத்த நிறுத்தத்தில் திட்டு விழும். பதினொரு வருஷம் தினம் பார்த்த முகங்கள், ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவா போறீக என்று கேட்டேன். ஒரு ஆளத் தெனம் பாத்துட்டு பேரு தெரியலைன்னா அது மரியாதையா என்று கேட்டார். நான் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அடுப்பில் என்ன இருந்ததோ.

ஆறு. படம் சரியாகத் தெரியவில்லை, பெரிதாக்கு. இலைமேல் நடக்கிறது, நீளமான விரல், இலைக்கோழி. நல்லவேளை எனக்கு விரல் வேலை தெரியும். அவருக்கு இந்தப் போன் என்றாலே தகராறு. அமுக்குவதற்கு முன்னால் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். டிக்கெட் கிழித்த கை, அந்தக் காகிதக் கட்டுகள் போய் மிஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் விரலுக்குச் சேதி போகவில்லை. எச்சில் பட்ட விரலுக்குக் கண்ணாடி மசியாது, ஒரு இடத்தில் வைத்தால் வேறொன்று திறக்கும். முதல் பாடத்திலேயே மூன்று தடவை வெளியே போய்விட்டது. "எச்சியத் தொட்டு வச்சா அது எப்படிங்க கேக்கும், தள்ளுங்க அங்கிட்டு" என்று நான்தான் போனை வாங்கினேன். அன்றைக்கு வாங்கினவள்தான். அதற்குப்பிறகு வியாழக்கிழமை தோறும் காலை பத்தேகாலுக்கு, சமையல் முடிந்து, இந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஜன்னலோரம் ஒட்டிப் போட்டு, ஒரு போனில் இரண்டு தலை. அவருக்கு வாய் சும்மா இருக்காது. யோசிக்கவேண்டிய கேள்வி வந்தால் "ஏளா சக்தி, ஹோல்டான்!" என்பார், வண்டியை நிறுத்துகிற குரலில், பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். பதில் பிடிபட்டதும் "ரைட், போலாம்." நான் அமுக்குவேன். பாடத்தின் நடுவில் வருகிற கேள்விக்குப் பச்சை வந்தால் தொடையில் ஒரு தட்டு, அவர் தொடையில் இல்லை, என் தொடையில். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை, சின்னப்பிள்ளை மாதிரி அடிவாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த ஆளோடு பகலில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்த வியாழக்கிழமைகளில்தான். காலை வண்டி என்றால் இருட்டோடு போவார், மாலை வண்டி என்றால் நான் தூங்கியபிறகு வருவார். அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்றார், நான் வீட்டுக்கு நடுவில் நின்றேன், உட்காருவதற்கு ஏது நேரம்.

ஒன்பது. கழுத்து வளைத்து நிற்கிற பூநாரை, சிவப்பாக இருப்பதற்கு என்ன காரணம். தின்கிற தீனி. பத்து. இருபத்தாறு நிமிடம் இருக்கிறது, நன்றாகத்தான் போகிறது, தலைக்கனம் வந்துவிடக்கூடாது. அவருடைய பித்தளைக் கண்டக்டர் பேட்ஜ் இதோ மேசைமேல் இருக்கிறது, இன்றைக்குக் கூட இருக்கட்டும் என்று கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்தவள் நான். நம்பர் பள்ளத்தில் அழுக்கு நிற்கும், பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக் குடைய வேண்டும். இந்தப் போன் பேட்ஜுக்குப் புளி வேண்டாம், கறுக்காது, சட்டையில் ஓட்டை போடாது. அவருடைய காக்கிச் சட்டை ஒவ்வொன்றிலும் இடதுபக்கம் இரண்டு ஓட்டை, பொத்தல் என்று ஊசியெடுத்தால் கையைப் பிடித்துக்கொள்வார், பேட்ஜுக்கு இடம் தெரியவேண்டாமா என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஆளே தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவர் வண்டியில்தான் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தேன், மூன்றாவது சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் நிறுத்தம் வந்தால் ஊர்ப்பெயர் சொல்லமாட்டார், "டைப்ரைட்டிங்கெல்லாம் எறங்கு" என்பார், வண்டியே சிரிக்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆள்தான் வெள்ளைச் சட்டையில் எங்கள் வீட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து காராச்சேவு தின்கிறது. பேட்ஜ் இல்லாததால் யாரோ என்று நினைத்தேன். காபி கொடுக்கக் குனிந்தபோது மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டைப்ரைட்டிங் பாஸாயாச்சா" என்று கேட்டார். லோயர் பாஸ் என்று சொன்னேன். ஒரு வேலைக்கும் போகாத டைப்ரைட்டிங், முப்பது வருஷம் கழித்து இந்தக் கட்டங்களை அமுக்கத்தான் ஆகவேண்டும் என்று இருந்திருக்கிறது.

பன்னிரண்டு. இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து, தலையில் இரண்டு கோடு. வரித்தலை வாத்து. இதற்கு அவர் சொன்ன விளக்கம், லாங் ரூட் வண்டி. பதின்மூன்று தெரியவில்லை. உள்ளான் வகையில் நான்கு பெயர் கொடுத்திருக்கிறார்கள், எல்லா உள்ளானும் எனக்கு ஒரே உள்ளான்தான், ஏதோ ஒன்றை அமுக்கு. ஒன்று போச்சு. இன்னும் மூன்று போகலாம். அதற்குமேல் போனால், ஐயோ, போனால் என்ன ஆகும் என்று யோசிக்காதே. பாஸானால் மட்டும் என்ன ஆகும். அதைத்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினம் காலை ஆறு பத்துக்கு இந்தப் போன் பேசும். அவர்தான் நேரம் வைத்தார், அவருடைய முதல் வண்டி ஆறு பத்து. எழுத்து தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும்படியும் வைத்துக்கொண்டார். ஒரு பெண் குரல், பட்டணத்துப் பிள்ளை போல, "ஆவு டையப்பன், இன்னும் ஒரே ஒரு பேட்ஜ்தான், உங்களால் முடியும்" என்று இடையில் மூச்சுவிட்டுச் சொல்லும். உயிரோடு இருந்தபோது நான் கேலி செய்வேன், ஒருத்தி என் வீட்டுக்குள்ளேயே வந்து என் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து போகிறார் என்று. நான் கூப்பிட்டதில்லை. என்னங்க, இங்க பாருங்க, கனி அப்பா. கனி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டார்கள், அந்த நர்ஸம்மாவிடம் காகிதம் வாங்கி எழுதிக் காட்டினேன், நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடிக்கிறவள். இதெல்லாம் பத்தாம்பசலித்தனம் என்று கனி சொல்லுவாள், சரிதான், ஆனால் நாக்கு வரவில்லையே. அவர் போனபிறகு கனி அந்தச் சத்தத்தை நிறுத்திவிடுகிறேன் என்று போனை வாங்கினாள், நான் பிடுங்கிக்கொண்டேன். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அவரை ஒரே வாரத்தில் 'பாவம், நல்ல மனுஷன்' ஆக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் சொல்லி, இன்னும் முடியும் என்று சொல்லி, தினம் எழுப்புகிறவள் இவள் ஒருத்திதான். பத்தாவது பேட்ஜ் வந்துவிட்டால் அவளுக்கு வேலை முடிந்தது. பெயிலானால் ஐந்து மணிக்கு அவளும் அழிந்துபோவாள். எப்படியும் நாளைக் காலை ஆறு பத்துக்கு இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் கிடையாது. அதற்குத்தான் எனக்குப் பயம். கனியிடம் சொன்னால் யம்மா, அது மிஷின் என்பாள். எனக்குத் தெரியாதா மிஷின் என்று.

பதினாறு, ஆச்சு. பதினேழு. படம் மெதுவாகத் திறக்கிறது, மேலே ஆகாயம், அப்புறம் ஒரு மொட்டைக் கட்டை, கட்டைமேல் இரண்டு சிறகையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு. ஐயோ. இதுதான். கேள்விகள் அதேதான், வரிசைதான் மாறும் என்று போட்டிருந்தார்களே, வரும் என்று தெரியும். அ, நாமக்கோழி. ஆ, பாம்புத்தாரா. இ, நீர்க்காகம். ஈ, கூழைக்கடா. ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பத்தாவது பேட்ஜுக்கான பரீட்சை, இரண்டு தடவைதான் எழுதலாம், அது முதல் தடவை. குழாயில் தண்ணீர் வருகிற நாள், அடுக்களையில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இவரோ ஒவ்வொரு கேள்விக்கும் ஹோல்டான். இந்தப் படம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே பாம்புத்தாரா என்றார். சிறகு காயவைக்கிறது நீர்க்காகம்தானே, நானும் தான் படம் பார்த்தேன், எனக்கும் தான் தெரியும், இவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல், நீர்க்காகத்தை அமுக்கினேன். கடைசியில் பதினைந்து. ஒன்றில் போச்சு. பரீட்சையில் எது தப்பு என்று அது காட்டாது, மார்க்கு மட்டும்தான். "போகுது விடு, அடுத்த ட்ரிப்ல பாத்துக்கிடலாம்" என்றார், ஏழு நாள் கழித்துத்தான் அடுத்த தடவை. மத்தியானம் அவர் படுத்திருந்தபோது நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். நீர்க்காகம் அலகு நுனி கொக்கி, பாம்புத்தாரா அலகு நேர் ஊசி, இரண்டும் சிறகு காயவைக்கும் என்று அவர் கையெழுத்தில் கோடு போட்டு இருந்தது. நோட்டை மூடிவிட்டேன். சொல்லலாம் என்றால் சனிக்கிழமையும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. புளியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, வேலை இல்லாத பேட்ஜையும் நான் தேய்ப்பேன், சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வாரம் பாஸான பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். செவ்வாய் விடிகாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். ஒரு கேள்வி, ஒரு மார்க்கு, நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே பத்தும் வாங்கிவிட்டுப் போயிருப்பார். ஏழு மாதமாக நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருப்பது இதுதான்.

பன்னிரண்டு நிமிடம். அலகைப் பார், அலகைப் பார். நேராக இருக்கிற மாதிரி இருக்கிறது, நுனியில் ஒரு நிழல், கொக்கியோ. கண்ணில் தண்ணீர் நின்றால் எல்லா அலகும் கொக்கிதான். நோட்டைப் பார்க்கலாம், பார்த்து எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கம் வாங்கின நீள நோட்டு, டிரிப் ஷீட் எழுதின பழக்கத்தில் ஒவ்வொரு பரீட்சையையும் ஒரு டிரிப் மாதிரியே எழுதிவைத்திருப்பார். புறப்பட்ட நேரம், ஒவ்வொரு நிறுத்தமாக ஒவ்வொரு கேள்வி, கடைசியில் சேர்ந்த நேரம், கையெழுத்து. ஒன்பது டிரிப்பும் எனக்கு மனப்பாடம். பத்தாவது இருக்கிற பக்கங்களுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுவைத்திருக்கிறேன், திறந்ததில்லை, பதினைந்து என்று அவர் கையால் எழுதியிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அலகு பற்றி எழுதின பக்கம் எங்கே, முன்னாலா பின்னாலா, அவசரத்தில் புரட்டுகிறேன், வெயிலில் காய்ந்த ரப்பர் பேண்ட் பட்டென்று இரண்டாகப் போய் மடியில் விழுகிறது. பத்தாவது டிரிப் திறந்துகொண்டது. புறப்பாடு 10.15. கேள்வி ஒன்று, இரண்டு, எல்லாம் குண்டு குண்டாக. பதினான்காவது நிறுத்தம், அன்றைக்கு இது பதினான்காவதாக வந்தது போல. "14. கட்டையில் சிறகு விரித்த படம். நான் சொன்னது பாம்புத்தாரா. சக்தி அமுக்கியது நீர்க்காகம். பார்த்தேன். சொல்லவில்லை." அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில், "பெயிலானால் அடுத்த வியாழனும் ரெண்டு பேரும் உட்காரலாம்." சேர்ந்த நேரம் என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்தும் இல்லை.

பார்த்திருக்கிறார். கண்ணாடி துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று தெரிகிற கண், அதுக்கா என் விரல் தெரியாது. படுபாவி மனுஷா. ஏழு மாதம் என்னை வேகவைத்துவிட்டு நோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்களே. தெரிந்தே பெயிலானீர்களா. பேட்ஜ் பேட்ஜ் என்று பறந்ததெல்லாம் இந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கா. அப்படியென்றால் எனக்கும் அப்படித்தானே இருந்தது, குடம் வழிகிறது வழிகிறது என்று நான் ஒருநாளும் எழுந்து போகவில்லையே, வழியட்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தேன். அதை நானும் சொல்லவில்லை. எட்டு நிமிடம். பக்கத்து நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது, இன்றைக்கும் அதை ஒட்டித்தான் போட்டிருக்கிறேன், பழக்கம். ஹோல்டான் போதும். அலகு நேர் ஊசி, இப்போது நன்றாகத் தெரிகிறது. பாம்புத்தாரா. ஆ. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, எதை அமுக்கினேன் என்றுகூட நினைவில்லை, விரல் தானாகப் போகிறது. சமர்ப்பி என்று ஒரு பச்சைக் கட்டம் வந்து நிற்கிறது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு வைத்தேன். அது கேட்கவில்லை. மறுபடி வைத்தேன், கேட்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு, ரைட், போலாம் என்று அமுக்கினேன்.

இருபதுக்குப் பதினெட்டு. பதினெட்டாம். கரகரவென்று ஒரு வட்டம் சுற்றி, அதற்குள் ஒரு கூழைக்கடா பறந்து வந்து உட்கார்ந்தது, பத்தாவது பேட்ஜ். கீழே வரிசையாகப் பழைய ஒன்பதும் இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை. அதன்மேல் அவர் பெயர், முழுசாக, இடையில் மூச்சு விடாமல். பேனாவை எடுத்து நோட்டில் சேர்ந்த நேரம் என்பதற்கு எதிரே 4.39 என்று எழுதினேன். கையெழுத்து போடவேண்டிய இடத்தில் சக்தி என்று போட்டேன். போன் கம்மென்று இருக்கிறது. அந்தப் பெண் ஒரு வாழ்த்தும் சொல்லவில்லை, அவள் காலையில் மட்டும்தான் பேசுவாள், நாளைக் காலையும் பேசமாட்டாள். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன், வெட்கம்தான், வேறென்ன. யாரும் இல்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக, ஆவுடையப்பன் என்று கூப்பிட்டேன், பாஸாயாச்சு என்று சொன்னேன்.